சிகாகோவிலிருந்து இருபத்தொரு மணி நேரம்

பம்மல் மெயின் ரோட்டில், ஷேர் ஆட்டோக்கள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு ஆள் ஏற்றுகிற இடத்துக்கு எதிரே கங்காதரனின் கடை. கடை என்று சொன்னால் மற்ற கடைக்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள். ஒரு ஷட்டர், உள்ளே மூன்று ஃப்ரீசர் பெட்டிகள், அடுக்கி வைத்த பிளாஸ்டிக் நாற்காலிகள், மடித்துப் போட்ட ஷாமியானா. சாவு வீட்டுக்கு வேண்டியது அவ்வளவுதான். மிச்சத்தை அழுகிறவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

பெட்டி யாரிடம்தான் இல்லை? அனகாபுத்தூரிலிருந்தும் பொழிச்சலூரிலிருந்தும் ஜனங்கள் கங்காதரனைத் தேடி வந்ததற்குக் காரணம் அவர் கடைச் சுவரில் தொங்கிய ஒரு அட்டை. காலண்டரின் பின்பக்கத்தில் ஸ்கெட்ச் பேனாவால் எழுதியது. துபாய் நாலு மணி, சிங்கப்பூர் நாலு மணி, லண்டன் பத்தரை, மெல்போர்ன் பதினைந்து, சிகாகோ இருபத்தொன்று என்று ஊர் ஊராக இறங்கி வரும். மீனம்பாக்கம் ஏர்போர்ட் கூப்பிடு தூரத்தில் இருந்தும் கங்காதரன் ஒருமுறைகூட விமானத்தில் ஏறியதில்லை. ஆனாலும் எந்த ஊர் எவ்வளவு தூரம் என்று அவருக்குத் தெரியும். எல்லாம் சாவு வீட்டு வாசலில் நின்று கற்றது.

"பறக்குற நேரம் வேற, புள்ள வர்ற நேரம் வேற" என்பார். செய்தி போய்ச் சேரணும், அவன் அழுது முடிக்கணும், லீவு கேட்கணும், டிக்கெட் கிடைக்கணும், நடுவில் ஒரு ஊரில் இறங்கி உட்கார்ந்திருக்கணும், இங்கே வந்து பாஸ்போர்ட் வரிசையில் நிற்கணும். துபாய் பக்கம்தான், ஆனால் முதலாளி பாஸ்போர்ட்டை வாங்கிப் பூட்டி வைத்திருந்தால் அமெரிக்காக்காரன் முந்திவிடுவான். இதையெல்லாம் கூட்டிப் பார்த்து, "நாளன்னைக்கு மதியம் ரெண்டு மணிக்கு எடுங்க, அதுக்கு முன்ன வர மாட்டாரு" என்று ஒரு நேரம் சொல்வார். அரை மணி முன்னே பின்னே ஆகலாம், அதற்கு மேல் தப்பாது. சும்மா சொல்லக் கூடாது, ஐயரும் பங்காளிகளும் அந்த நேரத்தை நம்பித்தான் மேளத்துக்கு ஆள் சொல்லுவார்கள். கங்காதரனுக்கு அதில் கொஞ்சம் தலைக்கனம்கூட உண்டு.

அந்தத் தலைக்கனம் அடங்கியது ஒரு ஐப்பசி மாதத்துச் செவ்வாய்க்கிழமை.

அனகாபுத்தூரில் சுப்பராயலு வீட்டிலிருந்து காலை ஏழு மணிக்குக் கூப்பிட்டார்கள். சுப்பராயலு எழுபத்துநாலு வயதுப் பெரியவர். அந்த ஊரின் பழைய குடும்பம். ஆற்றோரத்து நிலமெல்லாம் மனைகளாகிப் போன பிறகும் ஊரில் அவர் பேச்சுக்கு மரியாதை இருந்தது. அவருடைய மனைவி கங்கையம்மாள் ஐந்தரை மணிக்கு கேட்டில் தொங்கிய பால் பாக்கெட்டை எடுக்கக் குனிந்திருக்கிறாள், நிமிரவில்லை. அவ்வளவுதான் நடந்தது.

மழை விட்டு சந்தில் தண்ணீர் நின்றது. வேன் உள்ளே நுழையாது. கங்காதரனும் டிரைவர் உமேஷும் தெருக்காரர்கள் நாலு பேரும் பெட்டியைக் கையில் தூக்கிக்கொண்டு போனார்கள். கூடத்தில் வைத்து, வயரை இழுத்துச் சொருகினார் கங்காதரன். பெட்டியின் தலைமாட்டில், உள்ளே எத்தனை டிகிரி என்று சிவப்பு எழுத்தில் ஒரு சின்ன எண் ஓடும். இருபத்தொன்பதில் ஆரம்பித்தது. பத்து மணிக்கெல்லாம் இரண்டுக்கு இறங்கி அங்கேயே நின்றுவிட்டது. அவரிடம் இருந்த மூன்றில் அதுதான் நல்ல பெட்டி. மூன்று நாள் என்ன, நாலு நாள்கூடத் தாங்கும்.

மகள் கோகிலவாணி குரோம்பேட்டையிலிருந்து வந்து அம்மாவின் கால்மாட்டில் உட்கார்ந்திருந்தாள். தலைக்கு மேல் விமானம் இறங்குகிற சத்தம் கேட்கும்போதெல்லாம் அழுகையை நிறுத்திவிட்டுக் கூரையைப் பார்த்தாள். தம்பி சிவகுமார் சிகாகோவில் இருக்கிறான். அவன் இன்னும் வீட்டைவிட்டே கிளம்பவில்லை என்று அவளுக்கும் தெரியும். தெரிந்தும் பார்த்தாள்.

கங்காதரன் வழக்கம்போல மனசுக்குள் கூட்டிப் பார்த்தார். அங்கே இப்போது திங்கட்கிழமை இரவு. அங்கே நாளை சாயங்காலம் ஏழு மணிக்கு, நமக்குப் புதன்கிழமை விடியற்காலை ஐந்தரைக்கு, ஒரு விமானம் உண்டு. நடுவில் தோஹாவில் இறங்கி மாறினாலும் இருபத்தொரு மணி நேரம். பாஸ்போர்ட் வரிசை, லக்கேஜ் எல்லாம் முடிந்து வீடு வர ஒரு மணி. வியாழக்கிழமை விடியற்காலை மூன்றரைக்கு சிவகுமார் இந்த வாசலில் நிற்பான். உயிர் போன நேரத்திலிருந்து சரியாக நாற்பத்தாறு மணி. அதைச் சொல்லத்தான் பெரியவரைத் தேடினார்.

பெரியவரே அவரைத் தேடிக்கொண்டு வந்தார். "கங்காதரா, இப்படி வா" என்று பின்பக்கம், துணி துவைக்கிற இடத்துக்கு அழைத்துப்போனார். அங்கே கங்கையம்மாள் முந்தின நாள் ஊற வைத்த புடவை இன்னும் வாளியில் கிடந்தது. பெரியவர் அதைப் பார்க்காத மாதிரி திரும்பி நின்றுகொண்டார்.

"புள்ள எப்ப வருவான்னு சொல்லு."

"வியாழக்கெழம விடிகாலைல மூணரைக்கு ஐயா. கணக்கு பண்ட்டேன். பொட்டி தாங்கும், நீங்க அத்த பத்தி கவலப்படாதீங்க."

"தாங்காதுன்னு சொல்லு."

கங்காதரனுக்கு முதலில் விளங்கவில்லை. பெரியவர் குரலைத் தாழ்த்திச் சொன்னார். சிவகுமார் அங்கேயே தங்குவதற்குப் பேப்பர் போட்டிருக்கிறான். ஒன்பது வருஷம் காத்திருந்து இப்போதுதான் அவன் முறை வந்திருக்கிறது. இந்தச் சமயத்தில் நாட்டைவிட்டு வெளியே வந்தால் திரும்ப உள்ளே விட மாட்டார்கள் என்று வக்கீல் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறாராம். வேலையும் போய்விடும். மருமகள் ஜெயஸ்ரீக்கு ஏழு மாதம், கூடவே இருந்து பார்த்துக்கொள்ள அங்கே யாருமில்லை.

"அப்ப வராதன்னு நீங்களே சொல்லிடலாமே ஐயா."

"சொன்னா கேப்பானா? அம்மான்னா உசுரு அவனுக்கு. எல்லாத்தயும் தூக்கிப் போட்டுட்டு ஓடியாந்துடுவான். அப்படியே என் பேச்ச கேட்டு நின்னுட்டான்னு வெய்யி, நானா வராம இருந்துட்டேனேன்னு ஆயுசுக்கும் அரிச்சிக்கினே கெடப்பான். நீ தாங்காதுன்னு சொல்லிட்டன்னா அதுக்கு அவன் இன்னா பண்ணுவான்? கொடுத்து வெக்கலன்னு வுட்டுடுவான்." பெரியவர் கங்காதரனின் கையைப் பிடித்துக்கொண்டார். "அவன் ஒன்னத்தான் கேப்பான். இந்த ஊர்ல ஒன் வாய்க்குத்தான் அந்த மரியாத கீது. நான் செத்த பொறவும் இத்த யாராண்டயும் சொல்லக் கூடாது."

முப்பது வருஷத் தொழிலில் கங்காதரன் குடித்திருக்கிறார், சண்டை போட்டிருக்கிறார், ஒருமுறை மாலையை மாற்றிப் போட்டுத் திட்டு வாங்கியிருக்கிறார். நேரத்தில் மட்டும் பொய் சொன்னதில்லை. பெற்றவள் முகத்தைக் கடைசியாகப் பார்க்க வருகிறவனிடம் அந்த ஒன்றில் விளையாடக் கூடாது என்று வைத்திருந்தார். இந்தப் பெரிய மனுஷன் சரியாக அதையே கேட்கிறாரே என்று அவருக்குக் கோபம்கூட வந்தது. கையை உருவிக்கொள்ளத்தான் நினைத்தார். பெரியவர் இன்னொரு கையையும் அதன் மேல் வைத்து அழுத்தினார். உருவ கங்காதரனுக்கு மனசு வரவில்லை.

கூடத்திலிருந்து கோகிலவாணி, "அப்பா, தம்பி லைன்ல இருக்கான், பாக்ஸ்காரர்கிட்ட பேசணுமாம்" என்றாள்.

போனை வாங்குவதற்கு முன் கங்காதரன் பெட்டியின் தலைமாட்டுக்குப் போனார். சிவப்பு எண் இரண்டு என்று காட்டியது. கண்ணாடியின் மேல் கிடந்த ரோஜா மாலையை எடுத்துச் சரி செய்கிற மாதிரி செய்து, அந்த எண்ணின் மேல் தொங்கவிட்டார். அவர் செய்த பாவம் அதுதான் என்று பிற்பாடு அவருக்கே அடிக்கடி தோன்றும். பொய் வாயால் சொன்னது, அது போகட்டும். மாலையால் மறைத்தது மனசைவிட்டுப் போகவில்லை.

போனில் சிவகுமாரின் முகம் வீங்கியிருந்தது. பின்னால் கட்டிலின் மேல் ஒரு சூட்கேஸ் திறந்து கிடந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு அவன் மனைவி அதற்குள் சட்டைகளை மடித்து வைத்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணா, நாளைக்கு ஈவினிங் ஃப்ளைட் இருக்கு. புக் பண்ணப் போறேன். வியாழக்கிழமை காலைல வந்துடுவேன். அது வரைக்கும் வைக்கலாம் இல்ல? உங்களுக்குத்தான் கரெக்டா தெரியும்னு அக்கா சொன்னா. நேரா சொல்லுங்க."

பெரியவர் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"தாங்காது சார்" என்றார் கங்காதரன். "இங்க கரண்டு கம்மியா வருது, மிஷினு இழுக்கல. இன்னிக்கு சாயந்தரத்துக்கு மேல முடியாது. அப்பால நீங்க வந்து பாத்தாலும் அம்மாவப் பாக்குற மாதிரி இருக்காது."

கடைசியில் சொன்ன அந்த வார்த்தை அவராகச் சேர்த்தது. ஏன் சேர்த்தார் என்று அவருக்கே தெரியாது. சொல்ல ஆரம்பித்துவிட்டால் பொய்யை உறுதியாகச் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தாரோ என்னவோ. அந்தப் பக்கம் சூட்கேஸில் சட்டை மடித்துக்கொண்டிருந்த கைகள் நின்றன.

"சரிண்ணா" என்றான் சிவகுமார் கடைசியாக. "அம்மா முகத்தைக் காட்டுங்க."

கோகிலவாணி போனைக் கண்ணாடியின் மேல் பிடித்தாள். அழுகிறவர்கள் இடித்ததில் பெட்டி ஆடியது, மாலையும் ஆடியது. யாரோ வந்து போனை வாங்குகிற வரைக்கும் அவள் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தாள். பிறகு நேராக கங்காதரனிடம் வந்தாள்.

"நாகல்கேணில லோகநாயகி அத்தை வூட்ல மூணு நாள் வச்சீங்க. நான் வந்திருந்தேன். எங்கம்மாவுக்கு மட்டும் ஒரு நாள்கூட முடியாதா?"

"அது வேற பொட்டிம்மா."

"இந்தப் பொட்டிதான்."

கங்காதரன் வயரைச் சரி பார்க்கக் குனிந்துகொண்டார். பெரியவர், "வுடும்மா, அவருக்குத் தெரியாததா ஒனக்குத் தெரிஞ்சிடும்" என்று மகளை அடக்கினார்.

சாயங்காலம் நாலு மணிக்கு எடுத்தார்கள். பெரியவருடைய அண்ணன் மகன் பாலு கொள்ளி வைத்தான். திரும்பி வரும்போது வேனில் உமேஷ் மெல்லக் கேட்டான். "அண்ணா, பொட்டி நல்லாத்தான ஓடிகினு இருந்துச்சி?"

"வாய மூடிகினு ரோட்டப் பாத்து ஓட்டு."

கடைக்கு வந்ததும் கங்காதரன் சுவரிலிருந்த அட்டையை எடுத்து நாற்காலிகளுக்குப் பின்னால் போட்டுவிட்டார். அன்றைக்குப் பிறகு சாவு வீட்டில் யாராவது, "லண்டன்லேர்ந்து எப்ப வருவான் கங்காதரா?" என்று கேட்டால், "ஏர்போர்ட்ல விசாரிங்க, எனக்கு இன்னா தெரியும்" என்று சொல்ல ஆரம்பித்தார். கோகிலவாணி சும்மா இருக்கவில்லை. கங்காதரன் பெட்டி நம்பகமில்லை என்று அனகாபுத்தூர் முழுக்கப் பேச்சாகிவிட்டது. அந்த ஊர்க்காரர்கள் குன்றத்தூரிலிருந்து வேறு பெட்டி கொண்டுவந்தார்கள். கங்காதரன் அந்தப் பேச்சை மறுக்கவில்லை. எப்படி மறுப்பார்?

ஒரு வருஷம் ஓடிற்று. சிவகுமாருக்குப் பேப்பர் வந்துவிட்டது. பெண் குழந்தை பிறந்து அதற்குப் பாட்டியின் பெயரை வைத்தான். அம்மாவின் வருஷ திதிக்குக் குடும்பத்தோடு வந்திறங்கினான். திதி முடிந்த மறுநாள் பத்து பதினோரு மணி இருக்கும், கங்காதரன் கடை வாசலில் ஒரு கார் வந்து நின்றது. சிவகுமார் இறங்கினான். பின்னாலேயே பெரியவர், "எங்கடா இங்க நிறுத்தற, எதுக்கு இப்ப" என்று கேட்டுக்கொண்டே இறங்கினார். ஒரு வருஷத்தில் அவர் நன்றாகத் தளர்ந்திருந்தார். பிள்ளை எங்கே அழைத்துவருகிறான் என்று அவருக்குத் தெரிந்திருக்கவில்லை.

சிவகுமார் சத்தம் போடவில்லை. போனைத் திறந்து ஒரு படத்தைக் காட்டினான். அன்றைக்கு வீடியோவில் அம்மாவின் முகத்தைப் பார்த்தபோது எடுத்து வைத்துக்கொண்ட படம்.

"இதை நான் தினமும் பாக்குறேன். ஒரு வருஷமா அம்மா முகத்தை மட்டும்தான் பாத்திருக்கேன். போன மாசம்தான் ஓரத்துல இருக்கறது கண்ணுல பட்டுது." விரல்களால் படத்தைப் பெரிதாக்கினான். விலகிப்போன மாலைக்கு அடியில் சிவப்பாக இரண்டு என்று தெரிந்தது. "ரெண்டு டிகிரி. கரண்டு கம்மி, மிஷின் இழுக்கலன்னு சொன்னீங்களே. அங்கேர்ந்து இங்க இருபத்தொரு மணி நேரம்ணா. வெறும் இருபத்தொரு மணி நேரம். ஏன் அப்படிச் சொன்னீங்க?"

சிவகுமாரின் தோளுக்குப் பின்னால் பெரியவர் நின்றார். அவர் முகம் வெளிறிப்போய் உதடுகள் அசைந்தன.

"சிவா" என்றார் பெரியவர். "நான் சொல்றேன் கேளு. அன்னிக்கு வந்து..."

சொல்லிவிடப் போகிறார் என்று கங்காதரனுக்குத் தெரிந்துபோயிற்று. சொல்லிவிட்டால் தனக்கு விடுதலைதான். போன பெயர் திரும்ப வந்துவிடும், அட்டையை எடுத்து மறுபடி மாட்டிக்கொள்ளலாம். ஆனால் பிள்ளை அப்பனை எப்படிப் பார்ப்பான்? அம்மா முகத்தை நேரில் பார்க்க விடாமல் செய்தவர் அப்பாதான் என்று தெரிந்துகொண்டு விமானம் ஏறுவான். இனி வருஷத்துக்கு ஒருமுறையாவது வரக்கூடிய பிள்ளை, அடுத்த வருஷம் வருவானா?

"பொழிச்சலூர்ல ஒரு பெரிய வூட்டு சாவு சார்" என்றார் கங்காதரன், பெரியவரை முந்திக்கொண்டு. "மத்த ரெண்டு பொட்டியும் வெளிய போயிருந்துச்சி. உங்க வூட்ல அன்னிக்கே எடுத்துட்டா இத்த அங்க போட்டுக்கலாம்னு பாத்தேன். புத்தி கெட்டுப் போச்சி. அதான் அப்படிச் சொன்னேன்."

சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். அடி விழும் என்று எதிர்பார்த்தார். விழவில்லை. நிமிர்ந்து பார்த்தபோது சிவகுமார் அழுதுகொண்டிருந்தான்.

"தாங்காதுன்னு நீங்க சொன்னப்ப, ஒரு நிமிஷம் எனக்கு அப்பாடான்னு இருந்துச்சு" என்றான். "போக வேண்டாம், வேலை போகாது, ஜெயஸ்ரீ தனியா இருக்க வேண்டாம்னு. அம்மா செத்துக் கெடக்கறா, எனக்கு அப்பாடான்னு இருக்கு. அந்த ஒரு நிமிஷத்துக்காக ஒரு வருஷமா என்னையே காறித் துப்பிக்கிட்டு இருந்தேன். இனிமே உங்களைத் துப்புறேன்."

முகத்தைத் துடைத்துக்கொண்டான். "எங்க வூட்டு வாசலுக்கு உங்க பாக்ஸ் இனிமே வரக் கூடாது. யாருக்கும் வரக் கூடாது" என்று சொல்லிவிட்டுக் காருக்குப் போய், உள்ளே உட்கார்ந்து, கதவைச் சாத்திக்கொண்டான். அவன் நடந்துபோன நடையில் வந்தபோது இருந்த பாரம் இல்லை. அதை கங்காதரனும் பார்த்தார், பெரியவரும் பார்த்தார்.

ரோட்டில் ஷேர் ஆட்டோக்காரர்கள், "பல்லாவரம், பல்லாவரம்" என்று கத்திக்கொண்டிருந்தார்கள்.

"நான் சொல்ல வந்தேன்" என்றார் பெரியவர்.

"தெரியும் ஐயா."

"ஒன் பேரக் கெடுத்துட்டேன் கங்காதரா. இதுக்கு நான் எந்தச் சென்மத்துல..." முடிக்க முடியாமல் நிறுத்தினார். உள்ளே வரிசையாக நின்ற மூன்று பெட்டிகளையும் பார்த்தார். நடுவில் இருந்ததை அவருக்கு அடையாளம் தெரிந்தது. "அவ படுத்த பொட்டிலயே நானும் படுக்கணும்னு நெனச்சிகினு இருந்தேன். இனிமே எனக்கு எவனோ ஒருத்தன் பொட்டிதான்."

கங்காதரன் நடுப் பெட்டியின் கண்ணாடியைத் துண்டால் ஒருமுறை துடைத்தார்.

"எவன் பொட்டியா இருந்தாலும் தாங்கும் ஐயா. எல்லாப் பொட்டியும் தாங்கும்."

"அவன் வர்ற வரைக்கும்?"

"வர்ற வரைக்கும்."

"எத்தினி மணி நேரம்? சரியா சொல்லு."

ஒரு வருஷமாக யாருக்கும் சொல்லாத கணக்கு. "பறக்குறது இருபத்தொண்ணு" என்றார் கங்காதரன். "அழுது, கெளம்பி, வாசலுக்கு வந்து சேர எல்லாம் சேத்து நாப்பத்தாறு. நாப்பத்தாறுல வந்துடுவாரு ஐயா."

பெரியவர், "நாப்பத்தாறு" என்று ஒருமுறை மெல்லச் சொல்லிப் பார்த்துக்கொண்டார். பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு படியிறங்கி, மகன் உட்கார்ந்திருந்த காரை நோக்கி நடந்தார்.